தீக்குச்சியை அணைத்த வாயு

எரிகிற வாயு, எரியாத வாயு என்று இரண்டு உண்டு என்பது எனக்கு முப்பத்தேழாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரை நான் கட்டிய சாண எரிவாயுக் குழிகள் எரிந்தன, இல்லையென்றால் வாயுவே வராமல் கிடந்தன. இரண்டுக்கும் காரணம் சொல்லிவிடலாம். வாயு நன்றாக வந்து, குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று சீறி, கொளுத்திப் பிடித்த தீக்குச்சியையும் அணைத்துவிட்டுப் போன குழி ஒன்றே ஒன்றுதான். அதற்குக் காரணம் தேடி ஒரு மாதம் அலைந்தேன். காரணம் என் எதிரிலேயே தினம் இரண்டு வேளை நடந்து போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மலையில் உள்ள பழைய குழிகளைக் கணக்கெடுக்கிறார்களாம். கையில் ஒரு படிவம். அதில் இரண்டு கட்டம்: இயங்குகிறது, இயங்கவில்லை. ஏன் இயங்கவில்லை என்று எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். கட்டத்தில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். லாரியில் கிளீனராக பெங்களூர் வரை போனேன். தர்மபுரிப் பக்கம் கிணற்றுக்கு வெடி வைக்கும் கூட்டத்தில் இருந்தேன். அங்கே இடது கையில் ஒரு விரல் நுனி போயிற்று. செங்கல் சூளை, பாலம் கட்டும் வேலை, பிறகு ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் நிழல் மரம் கழிக்கும் வேலை. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிசகியதால் தரையில் நின்று செய்கிற வேலையாகத் தேடினேன். கொத்து வேலை கிடைத்தது. எண்பதுகளின் நடுவில் அரசாங்கம் ஊர் ஊராக சாண எரிவாயுக் குழி கட்ட ஆரம்பித்தபோது வளைவு கட்டத் தெரிந்த கொத்தனார் வேண்டும் என்றார்கள். சூளையில் கற்ற வளைவு கைவசம் இருந்தது. கோயமுத்தூரில் பத்து நாள் பயிற்சி. அதில் இரண்டு நாள் பேச்சு, பாதி தூங்கினேன். மீதி எட்டு நாள் மண்ணுக்குள் கவிழ்த்த சட்டி மாதிரி செங்கல் கூண்டு கட்டினோம். ஒரு பக்கம் சாணம் கரைக்கும் தொட்டி, மறு பக்கம் கரைசல் வெளியே வரும் தொட்டி, உச்சியில் வாயுக் குழாய். முதலில் வரும் வாயு எரியாது, இரண்டு மூன்று முறை வெளியே விட்டுவிட வேண்டும் என்று சொன்னார்கள். அதற்கு மேலும் எரியாவிட்டால் என்ன செய்வது என்று நான் தூங்கிய பாதியில் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்ததும் ஏற்காட்டில் தினக்கூலியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போதெல்லாம் வருடத்துக்கு ஒரு திட்டம் மலையேறும். ஒரு வருடம் புகையில்லா அடுப்பு. ஒரு வருடம் சூரிய விளக்கு. அதை வெள்ளோக்கு நிழல் மரத்தடியில் நட்டுவிட்டுப் போனார்கள், வெயிலே விழாத இடத்தில். குழித் திட்டம் மட்டும் பல வருடம் நின்றது. நானும் அதில் நிரந்தர வேலையாளாக நின்றுவிட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் சுந்தரேசன் சார், விரிவாக்க அலுவலர். அவரைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும். அவர் பொய் எழுதமாட்டார். பக்கத்து ஒன்றியங்களில் கட்டாத குழியைக் கட்டியதாக எழுதினார்கள் என்று பேச்சு வந்த காலத்திலும் அவர் பேனா அப்படி ஓடியதில்லை. ஆனால் கட்டம் இல்லாத எதையும் எழுதமாட்டார். ஊருக்குள் வந்தால் குல்லாயும் மப்ளரும் கழற்றாமல், காலில் அட்டை ஏறிவிடும் என்று ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு, படிவத்தை விரித்து ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிப்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு, அதைத் திரும்பவும் தான் ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். "மாடுகள் எத்தனை? ஐந்து. ஐந்து. அடுப்பங்கரைக்கும் குழிக்கும் தூரம்? முப்பது அடி. முப்பது." மடக்கு அளவுகோலால் அவரே அளந்தும் பார்ப்பார். அப்படி ஒரு ஒழுங்கான மனிதரிடம் வேலை செய்வது போன்ற கொடுமை வேறு இல்லை.

தலைச்சோலையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சிற்றூர். அங்கே சடையன் என்று ஒரு விவசாயி. மலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். கொஞ்சம் காப்பி, நாலு பலாமரம், மற்றபடி சாமைக் காடு. மனைவி வெள்ளையம்மா. அவர்கள் குழிக்குச் சம்மதித்தது புரட்டாசியில். சம்மதித்தது என்றால் அந்த அம்மாதான். விறகுக்கு எஸ்டேட் வேலி ஓரமாகவும் காட்டுக்குள்ளும் போய், பார்ப்பவர்களிடமெல்லாம் பேச்சு வாங்கி அலுத்துப்போயிருந்தது.

சடையனுக்கு ஒரே ஒரு தயக்கம். அந்தப் பக்கத்தில் மாடுகளை வீட்டருகே கட்டுவதில்லை. பயிர் வைக்கிற காட்டிலேயே மூங்கில் தட்டி வைத்துப் பட்டி போடுவார்கள். நாலு நாளைக்கு ஒரு முறை பட்டியை நகர்த்தினால் சாணமும் மூத்திரமும் அந்தந்த இடத்திலேயே விழுந்து காடு முழுக்க எருவாகிவிடும். யாரும் சுமக்க வேண்டியதில்லை. குழி கட்டினால் மாடுகள் வீட்டுப் பக்கம் வரவேண்டும்.

"ஏனுங்க மேஸ்திரி, மாட்ட இங்க கொண்டாந்து கட்டிப்போட்டா காட்டுக்கு எரு ஏதுங்க?" என்றார்.

"குழியில போட்டது எங்கயும் போவாதுங்ணா. வாயு மட்டும்தான் போவும். அந்தப் பக்கம் கரைசலா வரும். அது சாணத்தவிட நல்ல எரு."

"எப்ப வரும்?"

"ஓட ஆரம்பிச்சா தினமும் வரும்."

"சித்திர மழைக்கு முந்தி எனக்கு எரு காட்டுல கெடக்கோணும். அது ஒண்ணுதானுங்க எனக்கு வேணும். அடுப்பு அவ சமாச்சாரம்."

கெடக்கும் என்றேன். இந்த வார்த்தையை அரசாங்கம் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன்.

இடம் குறிக்க சுந்தரேசன் சார் வந்தார். வீட்டுக்குக் கீழே ஒரு வாய்க்கால், மேலே உள்ள எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருவது, புரட்டாசி மழையில் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "ஆண்டு முழுவதும் நீர் வசதி உள்ளதா?" என்று படித்தார். சடையன் "ஓடுமுங்க" என்றார். "உண்டு" என்று எழுதினார். குழிக்கு நான் வாய்க்கால் ஓரத்தைக் குறித்தேன். குடிக்கிற தண்ணீருக்கு அவர்கள் மேட்டில் உள்ள ஊற்றுக்குப் போவார்கள். அது மெதுவாகக் கசிகிற ஊற்று. குழிக்கு தினமும் குடம் குடமாக வேண்டும். வாய்க்கால்தான் வசதி. அன்றைக்கு அந்த இடத்தைப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குழி தோண்டப் பாறை குறுக்கே வந்து ஒரு மாதம் போயிற்று. கார்த்திகை மழையில் வேலை நின்றது. தை பிறந்துதான் கூண்டு முடிந்தது. பிறகு நிரப்ப வேண்டும். மாடுகளை வீட்டருகே கொண்டுவந்து கட்டினார்கள். முதல் நிரப்புக்கு ஐந்து மாட்டுச் சாணம் போதாது. பட்டியில் சேர்ந்திருந்ததையும் வழித்து, வெள்ளையம்மா இருபது நாள் கூடையில் சுமந்தது. காட்டில் விழவேண்டிய ஒரு பருவத்து எரு முழுவதும் அந்தக் குழிக்குள் போயிற்று.

தொட்டியில் கரைக்க வாய்க்கால் தண்ணீரை மொண்டபோது அது கலங்கலாக, வெளுத்த காப்பி நிறத்தில் இருந்தது. அந்த அம்மா குடத்தோடு நின்றது.

"இந்தத் தண்ணியவாங்க ஊத்தறது?"

"சாணியில கலக்கற தண்ணிக்கு நெறம் எதுக்கும்மா? ஊத்துங்க" என்றேன்.

ஊற்றியது.

பதினைந்தாம் நாள் வாயு வந்தது. குளிர் மாதத்தில் இவ்வளவு சீக்கிரம் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். பயிற்சியில் சொன்னபடி இரண்டு முறை திறந்து விட்டேன். மூன்றாம் முறை அடுப்பில் குச்சியைக் காட்டினேன். அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும். ஒரு பெட்டி தீர்ந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். "குச்சிய ஊதி அணைக்கறதுக்கு இம்புட்டுப் பெரிய குழியா? எங்கூட்டுல வாயாலதானுங்க ஊதுவோம்" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

குளிர் என்று நினைத்தேன். கூண்டின் மேல் வைக்கோல் பரப்பிச் சாக்கு போர்த்தினேன். எரியவில்லை. குழாயில் தண்ணீர் கோத்திருக்கும் என்று குழாயைக் கழற்றி மாட்டினேன். எரியவில்லை. அடுப்பை மாற்றினேன். கூண்டில் விரிசல் இருக்கும் என்று மூடிய மண்ணை முழுக்க எடுத்துவிட்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. என் வேலையில் குற்றம் இல்லை என்று தெரிந்தது. தெரிந்து என்ன? வாரத்துக்கு இரண்டு முறை ஏற்காட்டிலிருந்து நடந்து போய் ஒரு பெட்டி தீக்குச்சியை வீணாக்கிவிட்டு வந்தேன்.

மாசியில் சுந்தரேசன் சார் ஆய்வுக்கு வந்தார். கல்லின் மேல் ஏறி நின்றார். படிவத்தை விரித்தார்.

"வாயு உற்பத்தி ஆகிறதா?"

குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஆகிறது" என்று எழுதினார்.

"சார், வருது. ஆனா எரியல."

"உற்பத்தி ஆகுதான்னு கேட்டிருக்கான். ஆகுது. எரியுதான்னு கேக்கல."

"எரியறதுக்குத்தானே சார் கட்டினோம்?"

"அதுக்குக் கட்டம் எங்க இருக்கு, காட்டு."

படிவத்தை என் பக்கம் திருப்பினார். உண்மையாகவே காட்டச் சொன்னார். நானும் எழுத்துக் கூட்டித் தேடினேன். இல்லை.

சடையன், "ஏனுங்க சார், சத்தத்துல சோறு வேகுங்களா?" என்றார்.

சார் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "குளிர் ஜாஸ்தி. கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டு மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார். அன்று முதல் அரசாங்கத்தைப் பொறுத்தவரை சடையன் வீட்டுக் குழி முடிந்து போன வேலை.

சடையனுக்கு முடியவில்லை. "மேஸ்திரி, நா சொல்லிப்போட்டேன். பங்குனி பாதிக்குள்ள இது எரியோணும். இல்லாட்டி குழிய ஒடச்சு அள்ளிக் காட்டுல கொட்டிருவேன். எனக்கு அடுப்புமில்ல, எருவுமில்லன்னு ஆக்கிப்போடாதீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. குழி ஓடாமல் கரைசல் வெளியே வராது. உள்ளே போன எரு உள்ளேயே கிடந்தது. சாமைக் காடு வெறுமனே கிடந்தது. கொடுத்த வார்த்தை என் தலைமேல் கிடந்தது.

மாசிக் கடைசியில் ஒரு நாள். நான் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வெள்ளையம்மா மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு புறப்பட்டது. அங்கே பாறைக் குழியில் தண்ணீர் நிற்கும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். தை மாதத்திலிருந்து பார்க்கிறேன். வாசலில் வாய்க்கால் ஓடும்போது மாட்டை மலையேற்றுகிறார்களே என்று முன்பே ஒரு முறை சிரித்திருக்கிறேன். "அதுங்க இப்ப அங்கதானுங்க குடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனது. அன்றைக்கு அந்த அம்மா கால் நொண்டியபடி போவதைப் பார்த்ததும், ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்று கடைசியாகப் போன செவலைப் பசுவின் கயிற்றைப் பிடித்து வாய்க்காலுக்கு இழுத்தேன்.

பசு மூக்கைத் தண்ணீருக்குக் கொண்டு போனது. ஒரு மூச்சு விட்டது. தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது. நான் கழுத்தை அமுக்கினேன். கொம்பை ஆட்டியது.

"உடுங்க உடுங்க, அது குடிக்காதுங்க" என்று அந்த அம்மா மேலிருந்து கத்தியது. "எஸ்டேட்டுல காப்பிப்பழம் தோலுரிச்சுக் கழுவறாங்கல்ல? பழ மாசம் பூராவும் இந்தத் தண்ணிய மாடு மோந்துகூடப் பாக்காது."

கயிற்றை விட்டேன்.

"இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

"குழியில ஊத்தறப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே!"

"நாந்தான் கேட்டனே, இதையவா ஊத்தறதுன்னு. நெறம் எதுக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. நீங்க படிச்சுப்போட்டு வந்தவிய. நானும் சாணிக்குத்தானேன்னு உட்டுட்டேன். குழி என்ன மாடுங்களா, மோந்து பாத்துக் குடிக்கறதுக்கு?"

கோயமுத்தூரில் நான் தூங்காத பாதியில் ஒரு விஷயம் சொல்லியிருந்தார்கள். சாணத்தைத் தின்று வாயுவாக்குவது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். மாட்டின் வயிற்றில் இருப்பவைதான் குழியிலும் இருக்கின்றன என்று. அந்த அம்மா கேலியாகக் கேட்டதற்கு ஆமாம் என்பதுதான் பதில். குழியும் மாடுதான். மாடு மூக்கால் தள்ளிய தண்ணீரை நான் தை மாதம் முதல் அதன் தொண்டையில் ஊற்றியிருக்கிறேன்.

வெளித் தொட்டியில் கையை விட்டு முகர்ந்து பார்த்தேன். சாண நாற்றம் இல்லை. புளித்த கள்ளின் நெடி. கள் புளிக்கும்போதும் வாயு பொங்கும், ஆனால் அது எரிகிற வாயு இல்லை. எஸ்டேட்டுக்கு ஏறிப் போனேன். நானே எஸ்டேட்டில் வேலை செய்தவன்தான். மரம் கழித்தேனே ஒழிய பழம் கழுவும் பக்கம் போனதில்லை. பழத்தோல் குவியலின் மேல் ஈ மொய்த்துக் கிடந்தது. கழுவிய தண்ணீர் நேராக வாய்க்காலில் இறங்கியது. அங்கே கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்டேன். "இதென்னய்யா அதிசயமா கேக்கறே? அந்தத் தண்ணி தேங்குன எடத்துல புல்லே கருகிப் போகும். ஊருக்கே தெரியும்" என்றார். ஊருக்கே தெரியும். எனக்கும் சுந்தரேசன் சாருக்கும் தெரியாது. ஆண்டு முழுவதும் நீர் உண்டு என்று எழுதியிருந்தோம். பொய்யில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பரிகாரம் என்ன என்றார். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிக்க வேண்டும், நன்றாக எரிகிற வேறு குழியிலிருந்து நாலைந்து கேன் கரைசல் கொண்டுவந்து ஊற்ற வேண்டும், தயிருக்கு உறை ஊற்றுவது போல என்றேன். அடிவாரத்தில் நான் கட்டிய குழி ஒன்று நன்றாக எரிகிறது, ஜீப்பை ஒரு நடை கொடுங்கள் என்றேன்.

ஜீப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். "சிமெண்ட் ஏத்தலாம். செங்கல், குழாய் ஏத்தலாம். சாணம் பயனாளியோட பங்கு. பயனாளி பங்க அரசு வண்டியில ஏத்த வழியில்ல."

"சார், அது சாணமில்ல, கரைசல்."

"அது வேற கஷ்டம். கரைசல்னு ஒரு பொருளே பட்டியல்ல இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

குழியருகே வேறு சண்டை. சடையன் மண்வெட்டியும் கூடையுமாக நின்றார். காரணம் தெரிந்துபோனதே, இனி எல்லாவற்றையும் அள்ளிக் காட்டில் கொட்டுவதுதான் என்றார். எல்லாவற்றையும் எடுத்தால் மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும், சாணத்துக்கு எங்கே போவது என்றேன். இருவரும் கத்தினோம். வெள்ளையம்மா நடுவே வந்தது.

"பாதிய எடுத்துக்கங்க. பாதி கெடக்கட்டும்" என்று புருஷனிடம் சொன்னது.

"பாதி எரு போட்டா பாதிக் காடுதான் வெளையும்."

"இருபது நாளு சொமந்தது ஆருங்க? நீங்களா, நானா? எம் பங்கு பாதி. அது குழியில கெடக்கட்டும்."

சடையன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்றைக்கே பாதியை இறைத்து, சில நாள் காய வைத்து, காட்டில் பரப்பினோம். வரப்பிலிருந்து ஒரு ஈட்டி மரம் வரைக்கும் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் மண்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நானும் சடையனும் அடிவாரத்துக்கு இறங்கினோம். என் பழைய குழியிலிருந்து நாலு பால் கேன் நிறையக் கரைசல் மொண்டு, மூடிக்குப் பதில் சாக்குத் துணி கட்டினோம். மூடி போட்டால் உள்ளே வாயு சேர்ந்து தெறித்துவிடும். பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கீழே வைத்து, ஆளுக்கு இரண்டு கேனைக் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்றாவது வளைவிலேயே கண்டக்டர் மூக்கைப் பிடித்தார்.

"யோவ், என்னய்யா அது?"

நான் மருந்து என்று சொல்ல வாயெடுத்தேன். சடையன் முந்திக்கொண்டார். "உசுருங்க. செத்த குழிக்கு உசுரு கொண்டு போறமுங்க."

முன் சீட்டில் ஒரு பெரியவர் திரும்பினார். "உசுருக்கு டிக்கெட் போட்டாச்சா கண்டக்டர்?"

"நாலு உசுரு, நாலு லக்கேஜ்" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. அடுத்த வளைவில் ஒரு கேன் சாய்ந்து ஒரு அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் ஓடியதும் சிரிப்பு நின்றது. அங்கேயே இறக்கிவிட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டை நடந்தோம், கழியில் கேனைக் கோத்துத் தோளில் மாற்றி மாற்றி. கொஞ்ச தூரம் இரண்டு கேனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து மற்ற இரண்டு. சடையன் வழியெல்லாம் என்னைத் திட்டினார், அரசாங்கத்தைத் திட்டினார், மாட்டையும் திட்டினார். பிறகு ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

சுண்ணாம்பு போட்டு, ஊற்றுத் தண்ணீர் சுமந்து கரைத்து, கேன்களை ஊற்றினோம். பழ மாசமும் முடிந்திருந்தது. சித்திரை பிறந்து நாலாம் நாள் வெள்ளையம்மா குச்சி காட்டியது. நீலமாகப் பிடித்தது. வட்டமாக, சத்தமில்லாமல் எரிந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புகையவே காணோம், பத்துச்சா இல்லையான்னே தெரியலீங்களே" என்று கையை வைத்துச் சுட்டுக்கொண்டது. காப்பியும் குழம்பும் கொதித்தன. களி கிண்டினால் அடுப்பு பானையோடு சேர்ந்து சுற்றியது. களிக்குக் கடைசி வரை விறகடுப்புதான்.

படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி சாரிடம் கேட்டேன். "வீட்டு மாடு அந்தத் தண்ணீரை எல்லா மாதமும் குடிக்கிறதா" என்று ஒரே கேள்வி. நல்ல கேள்வி என்றார். படிவம் மேலே அச்சாகி வருகிறது, தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அடுத்த வருடம் அதே வாய்க்கால் ஓரமாக இன்னும் மூன்று குழிகளுக்கு "நீர் உண்டு" என்று எழுதினார். ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு கார்த்திகையிலும் நான் அந்த வீடுகளுக்கு நடந்து போய், வாய்க்காலைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என் வேலையில் சேராது. அந்த நாட்களுக்கு விடுப்புதான் எழுதினேன்.

குழி எரிந்த அந்த வருடப் புரட்டாசியில் மேலிடத்திலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் சடையன் வீட்டு அடுப்பைப் பார்க்க வந்தார்கள். மலையில் எரிகிற குழிகளில் இது ஒன்றாயிற்றே. சுந்தரேசன் சார் உயிர் வந்தவர் போல விளக்கினார். வெள்ளையம்மா எல்லாருக்கும் அந்த அடுப்பில் காப்பி வைத்துக் கொடுத்தது. போட்டோ எடுத்தார்கள். கிளம்பும்போது சடையன் வழியில் நின்றார்.

"அடுப்பப் பாத்துட்டீங்க. அப்படியே எங்காட்டையும் ஒரு எட்டு பாத்துப்போட்டுப் போங்க சாமி. பக்கந்தானுங்க."

நேரமில்லை என்றார்கள். இன்னும் இரண்டு ஊர் பாக்கி.

ஜீப் போனபின் நான் அவரோடு காட்டுக்குப் போனேன். சாமை அறுப்புக்கு நின்றது. வரப்பிலிருந்து ஈட்டி மரம் வரை இடுப்பளவு, கதிர் தலைசாய்ந்து. அதற்கு அந்தப் பக்கம் முழங்காலுக்குக் கீழே, மஞ்சளாக, இடையிடையே மண் தெரிய. கயிறு பிடித்துக் கோடு போட்டது போல இருந்தது.

"இப்ப தினமும் கரைசல் வருதுங்களே அண்ணா. வர்ற வருசம் காடு முழுக்க எரு கிடைக்கும்" என்றேன்.

"கெடைக்குமுங்க. நீங்க பொய் சொல்லல. வர்ற வருசம் வெளையும்." அவர் ஒரு கதிரைக் கிள்ளிக் கையில் தேய்த்து ஊதினார். "இந்த வருசம் என்னத்தத் திங்கறதுங்க?"

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அரிவாளோடு போனேன். நல்ல பாதியை அறுக்க சடையன் வீட்டாட்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து இரண்டு நாள் ஆயிற்று. மற்ற பாதியை நான் ஒருவனே உச்சி வெயிலுக்கு முன்னால் அறுத்து முடித்துவிட்டேன்.